தேயாத காலணி

ஆகஸ்ட் 12, திங்கள்

பாளையங்கோட்டை செவ்வந்தி ஆறாப்புண் சிகிச்சை மையத்தின் மீது எனக்குள்ள குறைகள், நாள்வாரியாக:

1. 03.06.2024: முதல் வருகை. குறித்த நேரம் காலை 10.00, மருத்துவர் பார்த்தது 11.50. என் மனைவி பகவதியின் இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் புண். நீளம் 22 மி.மீ., அகலம் 17 மி.மீ. அளந்தவன் நான், அவர்கள் அல்லர்.

2. 17.06.2024: டாக்டர் பெனிட்டா, "எட்டு வாரத்துல மூடிரும் சார்" என்று வாய்மொழியாக உறுதியளித்தார். எட்டு வாரம் இன்றோடு முடிகிறது. இன்றைய அளவு 23 x 18.

3. 01.07.2024: செவிலியர் முப்பிடாதி, புண்ணின் ஓரத்தில் தடித்திருந்த தோலைக் கத்தியால் சீவினார். புண் முன்னைவிடப் பெரிதாயிற்று. காரணம் கேட்டதற்கு, "பெருசாத் தெரிஞ்சாத்தான் சார் சிறுசாகும்" என்றார். இது விளக்கம் ஆகாது.

4. 15.07.2024: வாராந்திர அளவுகளை வரைபடமாகத் தருமாறு கேட்டேன். "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு சார்" என்றனர். தரவில்லை.

5. 29.07.2024: மேற்படி முப்பிடாதி, பகவதிக்குத் தரப்பட்ட மருத்துவக் காலணியைக் கையில் எடுத்துக் கவிழ்த்து, அதன் அடியைத் தடவிப் பார்த்து, "ஏக்கா, ஆறு வாரமாச்சு, அடி தேயவே இல்லையே. இதப் போட்டு நடக்கியளா, இல்ல வச்சு அழகு பாக்கியளா?" என்று கேட்டார். காத்திருந்த நால்வர் சிரித்தனர். மையத்தின் விதிகள் யாவும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகின்றன என்று நான் பதிலளித்தேன். பகவதி காலணியை வாங்கி மீண்டும் மாட்டிக்கொண்டாள்.

6. 12.08.2024: "பாதத்துல பாரம் குறையல சார்" என்று இன்று மருத்துவர் கூறினார். குறைய வேண்டியது புண். பழி பாதத்தின் மேல் போடப்படுகிறது.

இன்று முதல் இக்குறிப்பேட்டை எழுதுகிறேன். நாள்தோறும் எழுதப்படும் குறிப்புக்கு நுகர்வோர் ஆணையத்தில் மதிப்புண்டு என்று வழக்கறிஞர் கூறியிருக்கிறார். முப்பத்தோராண்டு கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எண்களோடு வருபவனிடம் சிரித்து மழுப்ப முடியாது என்பதை அவர்கள் அறிந்துகொள்ளப் போகிறார்கள்.


ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலை 6.15. வெளிச்சம் போதுமானதாக இருந்தபோது புண்ணை அளவுகோலுடன் படம் எடுத்தேன். பகவதி அதற்குள் கோலமிட்டு, பால் காய்ச்சி, பூஜையறையைத் துடைத்து, பின்கட்டில் துணி அலசி முடித்திருந்தாள். பதினோராண்டுச் சர்க்கரை நோயில் அவள் பாதம் உணர்விழந்துவிட்டது. அழுத்திப் பார்த்தாலும் தெரியவில்லை என்கிறாள். வலி இல்லாதவரை அவள் ஓய்வதில்லை.

வாரந்தோறும் செய்வதுபோல் மருத்துவக் காலணியை ஈரத்துணியால் துடைத்து, வாசலுக்கு வெளியே உள்ள செருப்பு அலமாரியில், மேல் தட்டில், என் காலணிக்குப் பக்கத்தில் வைத்தேன். வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கிறது. பொருளைப் பேணுவதில் எங்கள்மீது யாரும் குறை சொல்ல முடியாது.


ஆகஸ்ட் 14, புதன்

அளவில் மாற்றமில்லை.


ஆகஸ்ட் 19, திங்கள்

மையம். டாக்டர் பெனிட்டா புதிய முறை ஒன்றை முன்வைத்தார். பாதத்திலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை மாவுக்கட்டுப் போன்ற ஒன்று. நோயாளியால் கழற்ற இயலாது.

"வாரம் ஒரு தடவை நாங்களே வெட்டி எடுத்துட்டு, வேற போடுவோம் சார். இதுல நிறையப் பேருக்கு ஆறியிருக்கு."

"நடுவில் ஆறு நாள் புண்ணை யார் பார்ப்பது?"

"யாரும் பாக்க வேண்டாம் சார். அது அமைதியா இருக்கட்டும்."

இதுதான் விஷயம். நான் நாள்தோறும் படம் எடுப்பது அவர்களுக்குத் தெரியும். சாட்சியத்தை மூடி வைக்க ஒரு கட்டு.

"வீட்டுக்குள்ளும் இதோடுதான் நடப்பாளா?"

"படுக்கையிலயும் இதோடதான். அடியில ஒரு ரப்பர் குதிகால் இருக்கும், அதுல நடக்கலாம்."

"தெருவில் மிதித்த ரப்பர் பூஜையறைக்குள் வருமா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "மேல துணி உறை போட்டுக்கிடலாம் சார். இல்லன்னா... கால்தான சார் முக்கியம்?"

இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் வாசற்படிக்குள் காலணி வந்ததில்லை. உறவினர் திருமணம் ஒன்றின் மாப்பிள்ளை அழைப்புக்காக இங்கே வந்த கலெக்டர்கூட வெளியே கழற்றிவிட்டுத்தான் வந்தார். இது சடங்கு அன்று, சுகாதாரம். அறிவியல் படித்த ஒரு மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு வியப்பளித்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட மறுத்தேன். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் வரும்போது பகவதி, "அந்தக் கட்டு போட்டா ஆறிருமாம்லா?" என்றாள்.

"சொன்னார்கள்."




ஆகஸ்ட் 22, வியாழன்

நடந்ததை அப்படியே பதிவு செய்கிறேன்.

வியாழன்தோறும் வீட்டிலேயே கட்டு மாற்றுவது என்ற புதிய ஏற்பாட்டின்படி, முப்பிடாதி காலை 11 மணிக்கு முதன்முறையாக வீட்டுக்கு வந்தார். தன் செருப்பை வெளியே கழற்றினார். மறுகணம் அவர் குரல் கேட்டது. நான் படிப்பறையில் இருந்தேன்.

"ஏக்கா! இது என்ன, இங்க வாசல்ல காவலுக்கு நிக்கு?"

"வீட்டுக்குள்ள செருப்பு போடுதது இல்லம்மா."

"செருப்பா இது? மருந்துக்கா! சர்க்கரை மாத்திரைய வாசல்ல வச்சுட்டா உள்ள வருவிய?"

பகவதி சிரித்தாள். உரக்கச் சிரித்தாள்.

"அப்ப இத்தன நாளும் அடுக்களையில, பின்னால எல்லாம் வெறுங்காலாத்தான் நடக்கியளா?"

"ஆசுபத்திரிக்கு வரும்போது போடுதேன்லா."

"நல்லாப் போட்டிய! ஆசுபத்திரியில என்ன, தேரா இழுக்கப் போறிய?"

பிறகு துடைக்கும் சத்தம், மருந்துச் சாராயத்தின் வாடை. பிறகு கூடத்தில் 'டொக், டொக்' என்று ஒரு நடை. நான் வெளியே வந்தபோது பகவதி மருத்துவக் காலணியுடன் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். புதுப் பாவாடை கட்டிய சிறுமியைப் போல் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழற்றச் சொன்னேன். கழற்றினாள்.

"சார், கோவப்படாதிய. பத்துத் தடவ ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிருக்கேன். உங்க தட்டவிட இது சுத்தம்" என்றார் முப்பிடாதி.

"கட்டு மாற்றிவிட்டீர்கள் என்றால் போகலாம்."

"அக்கா காலு சார் அது" என்று சொல்லிவிட்டுப் போனார்.


ஆகஸ்ட் 23, வெள்ளி

செவிலியர் முப்பிடாதி மீது மையத்தின் மேலாளருக்குத் தனிப் புகார் அனுப்பினேன். அனுமதியின்றி வீட்டுக்குள் காலணி கொண்டுவந்தது. குடும்பத் தலைவரை அவமதித்தது. நோயாளியின் மனத்தைத் திரித்தது. மூன்று பக்கம். நகல்: செவிலியர் மன்றம், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர், இரு நாளிதழ்களின் நிருபர்கள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை எடைபோட்டேன். கோபத்தில் எழுதிய கடிதத்தை அவர்கள் கிழித்துப் போடுவார்கள். இதைக் கிழிக்க முடியாது.


ஆகஸ்ட் 24, சனி

காலணியுடன் ஜூன் மாதம் தந்த அறிவுரைத் தாளைக் கோப்புக்காக எடுத்தேன். ஆறாவது வரியில், 'வீட்டுக்குள்ளும் அணிந்தே நடக்க வேண்டும்' என்றிருக்கிறது. எழுத்தின் உயரம் இரண்டு மி.மீட்டருக்கும் குறைவு. முக்கியமான ஒன்றை இவ்வளவு சிறிதாக அச்சிடுவது அலட்சியம். குறை எண் 7.

அத்தாளின் கீழே 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்பதன் எதிரில் உள்ள கையெழுத்து என்னுடையது. அது வழக்கமான நடைமுறை.


ஆகஸ்ட் 29, வியாழன்

முதல் பலன். மேலாளர் தொலைபேசியில் பேசினார். விசாரணை முடியும்வரை முப்பிடாதி பணிக்கு வரமாட்டாராம். "ரொம்ப வருத்தப்படுதோம் சார்" என்று நான்கு முறை சொன்னார். எண்ணினேன்.

இரவு உணவில் பகவதியிடம் தெரிவித்தேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு" என்றாள்.

அது விசாரணைக்குத் தொடர்பில்லாத செய்தி.


செப்டம்பர் 2, திங்கள்

புதிய செவிலியர். இருபத்திரண்டு வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்; என் கடிதம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தது. நான் படம் எடுக்கும்வரை கத்தியைத் தொடவில்லை. எடுத்த பின்னும் தொடவில்லை. ஓரத்துத் தடித்த தோலை அப்படியே விட்டு, மேலே கட்டினார். மரியாதையான பெண். புண் பார்வைக்குச் சிறிதாக இருந்தது: 19 x 15.

என் நிலைப்பாடு மெய்ப்பிக்கப்படுகிறது.


செப்டம்பர் 5, வியாழன்

அதே செவிலியர். அதே முறை. 18 x 14. பல்கலைக்கழகம் அனுப்பிய தேர்வுத்தாள் திருத்தும் பணி, நாற்பது கட்டு.


செப்டம்பர் 8, ஞாயிறு

பகவதிக்குக் குளிர். கம்பளி கேட்டாள். காலில் லேசான வாடை இருப்பதாகச் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.


செப்டம்பர் 9, திங்கள்

காய்ச்சல் 102.4. ஆட்டோ கிடைக்கவில்லை, பகவதியின் தங்கை வடிவு காரோடு பெருமாள்புரத்திலிருந்து வந்தாள். டாக்டர் பெனிட்டா கட்டைப் பிரித்து, சீவாமல் விடப்பட்ட அந்தத் தோலைத் தூக்கினார். அதற்கு அடியில் புண் சிறுத்திருக்கவில்லை. உட்பக்கமாக விரலை நோக்கிப் பரவியிருந்தது. மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். பகவதி வலிக்காமல் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"எலும்பத் தொடல. பக்கத்துல நிக்கு" என்றார் மருத்துவர். "ஊசி மருந்து போட்டு சீழக் கட்டுப்படுத்தணும். மூணு வாரம் பாப்போம் சார். கேக்கலன்னா பெருவிரல எடுக்க வேண்டி வரும். விட்டா அதோட நிக்காது."

"உங்கள் செவிலியர் தோலைச் சீவியிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்" என்றேன்.

"சீவத் தெரிஞ்ச செவிலியர நீங்கதான சார் வர விடல?"

குறை எண் 8: மருத்துவர் நோயாளியின் கணவரிடம் குரலுயர்த்தினார். (உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். இது திருத்தப்படும்.)

பகவதி கண்ணைத் திறக்காமல், "அவளத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெளிவாகவில்லை.


செப்டம்பர் 11, புதன்

பகவதி மையத்தின் உள்நோயாளிப் பிரிவில். வடிவு உடனிருக்கிறாள். வீட்டில் நான் மட்டும்.

வீட்டுக்குள் நடந்ததால்தான் புண் ஆறவில்லை என்று ஆணையத்தில் அவர்கள் வாதிடக்கூடும். அதை எண்களால் முறியடிக்க வேண்டும். எனவே பகவதியின் ஒரு நாளை, அவள் நடக்கும் வரிசையில், வெறுங்காலுடன் நானே நடந்து எண்ணினேன். படுக்கையறையிலிருந்து வாசல் கோலம், அடுக்களை, பூஜையறை, பின்கட்டுத் துவைகல், கொடி, மொட்டை மாடி ஏறி வற்றல் காயவைத்தல், என் படிப்பறைக்குக் காபி, பத்தரை மணிக்கு மோர், மாலையில் மீண்டும் காபி, நான் கூப்பிடும்போது வந்து போதல். இவ்வளவு முறை கூப்பிடுகிறேன் என்பது எண்ணும்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்குள் ஒரு நாளைக்கு: 3,900 அடிகள். வாரத்துக்கு 27,300.

காலணியுடன் வெளியே, ஆட்டோவுக்கும் மையத்துக்கும்: வாரத்துக்கு 160.

மொத்தத்தில் வெறுங்கால் விழுக்காடு: 99.4.

இருமுறை சரிபார்த்தேன். மூன்றாம் முறையும்.

பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளங்கால் எரிந்தது. மாடிப்படியில் உட்கார வேண்டியிருந்தது. உணர்வுள்ள கால் அப்படித்தான், நிறுத்தச் சொல்லும்.

இக்கணக்கு புகாருக்குத் தொடர்பற்றது. கோப்பில் சேர்க்கவில்லை.


செப்டம்பர் 14, சனி

காய்ச்சல் நின்றது. வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய நாள். பையும் போர்வையும் எடுத்துச் சென்றேன். கட்டிலருகே முப்பிடாதி நின்றிருந்தார். பணிக்குத் திரும்பிவிட்டார். அவர்மீது குற்றமில்லை என்று பகவதி தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

"நான் வடிவு வீட்டுக்குப் போறேன்" என்றாள் பகவதி.

"எத்தனை நாள்?"

"கால் ஆறுத வரைக்கும். அடுத்த வாரம் அந்தக் கழட்டாத கட்டு போடுதாவ."

"படிவத்தில் நான் கையெழுத்திடவில்லையே."

"நான் போட்டுட்டேன். என் காலுதான்."

வடிவு பையை என் கையிலிருந்து வாங்கினாள். "அத்தான், உங்க தரைய நீங்க பாத்துக்கிடுங்க. எங்க அக்காவ நாங்க பாத்துக்கிடுதோம்."

முப்பிடாதி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. சிரித்ததாகவே பதிவு செய்கிறேன்.


செப்டம்பர் 16, திங்கள்

மையத்துக்குப் பதிவுத் தபால்: சிகிச்சை ஆவணங்கள் அனைத்தின் நகலும், இனி எடுக்கப்படும் வாராந்திர அளவுகளும் பதினைந்து நாளுக்குள் எனக்கு அனுப்பப்பட வேண்டும். டாக்டர் பெனிட்டாவின் மீது மருத்துவ மன்றத்துக்கு அனுப்பும் புகாரின் முதல் வரைவும் முடிந்தது. ஒன்பது பக்கம். அவர் பெயருக்குப் பின்னால் உள்ள பட்டங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் போகிறேன்.


செப்டம்பர் 24, செவ்வாய்

பதில் வந்தது. இரண்டே வரி. ஆவணங்கள் நோயாளிக்கு மட்டுமே தரப்படும். தம் கணவருக்குத் தர வேண்டாம் என்று நோயாளி எழுத்து மூலம் தெரிவித்துள்ளார்.

பகவதி இதுவரை எழுதி நான் கண்டது மளிகைச் சீட்டு மட்டும்.


செப்டம்பர் 30, திங்கள்

மருத்துவர் சொன்ன மூன்று வாரம் இன்று முடிகிறது. விரல் என்ன ஆயிற்று என்று யாரும் தெரிவிக்கவில்லை. வடிவின் எண்ணை அழுத்தினேன். "அக்கா தூங்குதா அத்தான்" என்றாள். பிற்பகல் நாலு மணிக்கு யாரும் தூங்குவதில்லை. கேள்வியைக் கேட்காமலே வைத்துவிட்டேன், கெஞ்சுவதாக ஆகிவிடக்கூடாது.


அக்டோபர் 9, புதன்

மருத்துவ மன்றப் புகார் அனுப்பப்பட்டது. பதினான்கு குறைகள், இருபத்தொரு இணைப்புகள்.

பூஜையறையைத் துடைத்தேன். எந்தத் துணி எதற்கு என்று தெரியவில்லை.


அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தபால் அலுவலகம் விடுமுறை.


நவம்பர் 11, திங்கள்

மையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் காலை 9.40 முதல் நின்றேன். மருத்துவர் குறித்த நேரத்துக்கு வருகிறாரா என்று பதிவு செய்வதற்காக. அவர் வந்தது 9.58. பத்து மணிக்கு வர வேண்டியவர். குறித்துக்கொண்டேன்.

11.20க்கு வாசல் திறந்து பகவதி வந்தாள். நான் அவளைப் பார்க்க அங்கே நிற்கவில்லை.

மாவுக்கட்டு இல்லை. துணிக்கட்டும் இல்லை. அகலமான வார் வைத்த புதுக் காலணி இரண்டு கால்களிலும். விரல்கள் வெளியே தெரிந்தன. சாலை இருபத்தைந்து அடி அகலம். நடுவே பேருந்து ஒன்று போயிற்று. போன பின் எண்ணினேன். இடது காலில் ஐந்து. மீண்டும் எண்ணினேன். ஐந்து.

முப்பிடாதி அவளைக் கைத்தாங்கலாக அல்ல, கைகோத்துக்கொண்டு படியிறக்கினார். "ஏக்கா, இனிமே இதக் கழட்டினிய, நானே வந்து ஆணி அடிச்சிருவேன் பாத்துக்கிடுங்க!" என்றது சாலைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. பகவதி சிரித்தாள்.

ஆறிவிட்டது. எனக்குத் தெரிவிக்காமல் ஆறிவிட்டது. மூன்று மாதம் நான் அளந்த புண், நான் பார்க்காதபோது மூடியிருக்கிறது. குறை எண் 15.

டீ ஆறிப் போயிருந்தது. கடைக்காரர், "சார், வேற போடட்டா? உடம்பு சரியில்லையா?" என்றார். நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.


நவம்பர் 13, புதன்

கீழ்க்கண்ட கடிதம் இன்று பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது. ஆறு வரைவுகள்; முந்தைய ஐந்தும் கிழிக்கப்பட்டன. இது கோப்புக்கான நகல்.

பெறுநர்: திருமதி ச. பகவதி, மே/பா. திருமதி சண்முகவடிவு, பெருமாள்புரம்.

பொருள்: வீட்டு நடைமுறையில் திருத்தம் தொடர்பாக.

தங்கள் புண் ஆறியிருப்பது 11.11.2024 அன்று என் கவனத்துக்கு வந்தது. இது எனக்கு முறைப்படி தெரிவிக்கப்படவில்லை என்பதில் என் கண்டனத்தைப் பதிவு செய்கிறேன்.

இவ்வீட்டின் வாசற்படிக்குள் காலணி கூடாது என்ற விதி, தங்களைப் பொறுத்தவரை இன்று முதல் நீக்கப்படுகிறது. கூடம், அடுக்களை, பின்கட்டு, மாடி, பூஜையறை ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். காபி, மோர் முதலியவற்றை இனி நானே எடுத்துக்கொள்வேன்.

இத்திருத்தத்தை நான் எந்தத் தவறையும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாகாது. மையத்தின் மீதும், மருத்துவர் மீதும், செவிலியர் மீதும் நான் அளித்துள்ள புகார்கள் நிலுவையில் உள்ளன. அவற்றில் ஒரு வரியையும் திரும்பப் பெறப் போவதில்லை.

தாங்கள் திரும்பி வருகிறீர்களா, இல்லையா என்பதை 22.11.2024 வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். தொலைபேசிவழிப் பதில் ஏற்கப்படாது. வடிவு எழுதும் பதிலும் ஏற்கப்படாது. தங்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

இரா. சங்கரநயினார்